எந்த ஏட்டில் பூர்வீகம்? சப்ரகமுவத் தோட்டங்களில் வம்சாவளித் தேடல்

இங்கிலாந்திலிருந்து கடல் தாண்டிப் போன ஒருவரின் வழிவந்தவர்கள் இன்று பூர்வீகம் தேடப் புறப்பட்டால், அவர்களுக்குப் பாதை ஏற்கெனவே போட்டிருக்கிறது. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தோமஸ் குரொம்வெல் 1538ல் ஒவ்வொரு கோவில் பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஏட்டில் எழுதிவைக்க வேண்டுமென்று கட்டளையிட்டார். 1813 முதல் அவை அச்சடித்த படிவங்களாயின. குழந்தையின் ஞானஸ்நானப் பதிவில் தகப்பனின் தொழிலும் குடியிருப்பும் சேர்ந்தன. 1837ல் அரசாங்கமே பிறப்பு, இறப்பைப் பதியத் தொடங்கியது. 1851ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு ஒவ்வொருவரிடமும் பிறந்த பங்கைக் கேட்டு எழுதிக்கொண்டது. அந்தப் பங்கின் பெயர் கையில் கிடைத்துவிட்டால், நிலமில்லாத ஒரு பண்ணையாளின் குடும்பத்தைக்கூட இருநூறு வருடம் பின்னோக்கிக் கொண்டுபோகலாம். இதே முறை, சப்ரகமுவ மாகாணத்து இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, ரப்பர் தோட்டங்களில் நான்கைந்து தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பொருந்துமா? அப்படியே எடுத்துப் பொருத்தினால் பொருந்தாது. இங்கே பூர்வீகத்தைச் சொல்லக்கூடிய ஏடுகளில் பெரும்பகுதி கோவிலில் எழுதப்பட்டவை அல்ல. கடனை வசூலிக்கவும் நோயைத் தடுக்கவும் பிரஜாவுரிமையை மறுக்கவும் எழுதப்பட்டவை. ஆனால் அந்த ஏடுகளை அவற்றின் நோக்கம் அறிந்து படித்தால், தேடுபவருக்குக் கோவில் ஏட்டைவிட அதிகமாகவே தருகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சப்ரகமுவத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் இரு சாராரும் கடல் கடந்தவர்களே. துரைமார் ஸ்கொட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தார்கள். தொழிலாளர் திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்தும் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலிருந்தும் வந்தார்கள். துரையைத் தேடுவது எளிது. பெர்குசன் வெளியிட்ட இலங்கைக் கையேடுகளில் தோட்டம் தோட்டமாகத் துரைமார் பெயர் இருக்கிறது. சிவில் சேவை அதிகாரி பென்றி லூயிஸ் 1913ல் இலங்கையிலுள்ள ஐரோப்பியர் கல்லறை வாசகங்களைத் திரட்டி நூலாக்கினார். கல்லறையே இல்லாமல் போனவர்களுக்குக்கூட அதில் ஒரு பகுதி ஒதுக்கினார். அங்கிருந்து பிறந்த பங்கைப் பிடித்துவிட்டால் மிச்ச வேலையைப் பங்கு ஏடு செய்துவிடும். அதே காலத்தில் அதே தோட்டத்துப் புதைகாட்டில் அடக்கமான தொழிலாளிக்குக் கல் கிடையாது. அந்தப் புதைகாடுகளில் சில இன்று ரப்பர் மறுநடுகைக்குள் மறைந்துவிட்டன.

கோவில் ஏடு தொழிலாளருக்கு முற்றிலும் உதவாது என்று தள்ளிவிடவும் கூடாது. தோட்டத் துரைமார் பணம் கொடுத்து ஆதரித்த தமிழ்க் கூலி மிஷன் 1854ல் தொடங்கியது. அதன் உபதேசிமாரில் பலர் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள். கத்தோலிக்கர் பக்கத்தில், சப்ரகமுவ 1893ல் ஏற்படுத்தப்பட்ட காலி மறைமாவட்டத்தின் கீழ் பெல்ஜிய இயேசுசபைக் குருமாரின் பொறுப்பில் வெகுகாலம் இருந்தது; இரத்தினபுரி தனி மறைமாவட்டமானது 1995ல்தான். கத்தோலிக்க ஏட்டில் ஒரு விசேஷம் உண்டு. 1908 முதல் நடைமுறைக்கு வந்த திருச்சபை விதிப்படி, திருமணம் நடத்திவைக்கும் பங்குக் குரு, மணமக்கள் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு எழுதி அங்குள்ள பதிவின் ஓரத்தில் திருமணத்தைக் குறிக்கச் செய்யவேண்டும். திருச்சிப் பக்கத்துக் கோவிலில் ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் எட்டியாந்தோட்டையில் மணம் முடித்திருந்தால், விதி ஒழுங்காக நடந்த இடங்களில், கடலுக்கு இரு பக்கமும் ஒன்றையொன்று சுட்டும் இரண்டு பதிவுகள் இருக்கும். இங்கிலாந்துப் பங்கு ஏட்டில்கூட இந்த வசதி கிடையாது. சிக்கல் தொகையில்தான் இருக்கிறது. தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பான்மையினர் சைவ, வைணவ, கிராமதெய்வ வழிபாட்டினர். மாரியம்மன் கோவிலில் பிறப்பை எழுதிவைக்கும் வழக்கம் என்றுமே இருந்ததில்லை. பாப்டிஸ்ட் சபையார் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. ஆகவே அவர்களின் ஏடு ஒருவர் சபையில் சேர்ந்த வருடத்தைச் சொல்லுமே தவிரப் பிறந்த வருடத்தைச் சொல்லாது.

ஆங்கில வேரை நிஜமாகவே தேடவேண்டிய ஒரு சாராரும் இந்தத் தோட்டங்களில் உண்டு. துரைமாருக்கும் தோட்டத்துப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளின் வழியினர் அவர்கள். பங்கு ஏட்டுமுறை தங்களுக்காவது கைகொடுக்கும் என்று இவர்கள் எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் திருமணமின்றிப் பிறந்த பிள்ளையின் பதிவில், தகப்பனும் தாயும் சேர்ந்து கேட்டுக்கொண்டாலன்றித் தகப்பன் பெயர் எழுதப்படுவதில்லை; துரைமார் அப்படிக் கேட்டுக்கொள்வது அபூர்வம். இன்றைய மரபணுச் சோதனை, அபர்டீனிலோ யோர்க்ஷயரிலோ ஒரு தூரத்து உறவு இருக்கிறது என்பதுவரை சொல்லக்கூடும். அந்த உறவில் எந்த மனிதன் எந்த வருடம் எந்தத் தோட்டத்தில் இருந்தான் என்பதைச் சொல்லக் கடைசியில் கையேட்டுப் பட்டியலும் தோட்டக் கணக்கும்தான் வேண்டும். ஆங்கிலத் தகப்பன் வழியைத் தேடுபவரும் தமிழ்த் தாயிருந்த தோட்டத்தின் கணக்குப் புத்தகத்துக்கே வந்துசேர்கிறார்.

அந்தக் கணக்குப் புத்தகம் என்ன சொல்லும்? தோட்டத்து ஏடுகளில் முதன்மையானது செக்ரோல். காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணி எழுதப்படும் பேர்ப்பட்டியல் அது. பேரும் நாளும் சம்பளமும்தான் அதன் அக்கறை. ஊரோ தகப்பன் பேரோ அதற்குத் தேவையில்லை. ஆனால் பேர்கள் கங்காணி வாரியாக எழுதப்பட்டன என்பதில் பெரிய தடயம் இருக்கிறது. பெரிய கங்காணி தன் சொந்த ஊரிலும் சுற்று ஊர்களிலும் உறவிலும் சாதியிலும் பார்த்தே ஆள் கட்டிவந்தார். ஒரு கங்காணியின் கீழ் நாற்பது பேர் இருந்தால், அவர்களில் மூன்று நான்கு குடும்பங்களுக்கு ஊர் தெரிந்தாலே மற்றவர்களை எந்தத் தாலுகாவில் தேடவேண்டும் என்று தெரிந்துவிடும். அடுத்தது துண்டு. ஆளைப் பிடித்துவரக் கொடுத்த முன்பணம் கடனாகத் தொழிலாளியின் தலையில் ஏறியது. இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறோம் என்று தோட்டம் எழுதிக்கொடுத்த சீட்டே துண்டு. தொழிலாளியை அடகுப் பொருளாக்கிய இந்த முறையை 1921ல் சட்டம் ஒழித்தது. ஆனால் ஒரு குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து எந்தத் தோட்டத்துக்கு எந்த வருடம் போனது என்பதைத் துண்டைப்போலத் துல்லியமாகச் சொல்லும் காகிதம் வேறில்லை. கடன்காரன் ஆளைத் தொலைக்கமாட்டான்.

மூன்றாவது வகை நோய்த்தடுப்பு முகாம்களின் பதிவு. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக் காலத்துத் தொழிலாளர் வடக்குப் பாதையில், மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வழியில் செத்தவர்களும் பிழைத்தவர்களும் எண்ணிக்கையாக மட்டுமே மிஞ்சினார்கள், பேர் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டுமுறை வந்தது. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தவர் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறை முகாமிலோ, பிறகு மண்டபம் முகாமிலோ தங்கவைத்துச் சோதிக்கப்பட்டார். 1914ல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கியபின் மண்டபமே பிரதான வாசலாயிற்று. திருச்சியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் இயங்கியது. இந்தியாவின் 1922ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டத்துக்குப் பின் ஆள் சேர்ப்பது கிராம முன்சீப்வரை எழுத்தில் வந்துவிட்டது. ஆக 1900க்குப் பின் வந்தவருக்குக் காகிதம் உண்டு. அதற்கு முன் வந்தவருக்குப் பெரும்பாலும் இல்லை.

1900 என்ற இந்தக் கோடு சப்ரகமுவவுக்குச் சாதகமாக விழுகிறது. மலையகத்தைப் பற்றி எழுதுபவர்கள் இதைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். பலாங்கொடை, இறக்குவானை மலைகளில் கோப்பி இருந்தது; களனிப் பள்ளத்தாக்கில் 1880களில் தேயிலை வந்தது; உண்மைதான். ஆனால் இந்த இரண்டு மாவட்டங்களின் தோட்டப் பரப்பைப் பெருக்கியது 1905ஐ ஒட்டி எழுந்த ரப்பர் மோகம். களனிப் பள்ளத்தாக்குச் சிறு ரயில் 1902ல் அவிசாவளையையும் 1912ல் இரத்தினபுரியையும் எட்டியது இந்த அலையோடு சேர்ந்த காரியம். எனவே நுவரெலியா, ஹட்டன் பக்கத்துக் குடும்பங்களைவிட, தெஹியோவிற்றையிலோ காவத்தையிலோ பால் வெட்டிய குடும்பங்களில் பல, காகிதம் எழுதப்பட்ட காலத்தில் கடல் கடந்தவை. மேல் மலைத் தோட்டங்களிலிருந்து இங்கே இடம்பெயர்ந்து வந்தவர்கள் விதிவிலக்கு. அவர்களுக்குத் துண்டு வேண்டும்.

ஆனால் இவை எல்லாவற்றையும் மிஞ்சிய வம்சாவளி ஏடு ஒன்று இருக்கிறது. அது பிரஜாவுரிமை விண்ணப்பம். 1948ஆம் ஆண்டு இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையிலேயே பிறந்த ஒருவர்கூடத் தன் தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்றோ, தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டினால்தான் வம்சாவளிப் பிரஜை என்றது. இங்கிலாந்தில் ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்காக இருக்கும் ஒரு வேலையை இங்கே சட்டம் கட்டாயமாக்கியது. அதுவும், பூட்டன் காலத்துப் பிறப்பை யாரும் எழுதிவைக்காத மக்களிடம். அடுத்த வருடம் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் இன்னொரு வாசலைத் திறந்தது. 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன், மணமாகாதவர் பத்து வருடமும் மணமானவர் ஏழு வருடமும் இடைவிடாமல் இங்கே வசித்ததைக் காட்டவேண்டும். விண்ணப்பங்களில் அடங்கியவர்கள் எட்டு இலட்சத்துக்கும் மேல். பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அதை ஒட்டி வந்த வாக்குரிமைச் சட்டத்தையும் எதிர்த்து எழுந்த தலையாய வழக்கு கேகாலை மாவட்டத்தில் பிறந்தது. ருவான்வெல்ல தொகுதி வாக்காளர் இடாப்பில் பேர் சேர்க்கக் கேட்ட கோடக்கன் பிள்ளையின் வழக்கு, பாகுபாடு காட்டும் சட்டங்களைத் தடுத்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவைக் காட்டிப் பிரிவிக் கவுன்சில்வரை போய் 1953ல் தோற்றது.

தோல்விகள் விட்டுச்சென்ற கட்டுகளில்தான் தேடுபவருக்கு வேண்டியது கிடக்கிறது. விண்ணப்பக்காரர் தன் பேர், தகப்பன் பேர், மனைவி மக்கள், பிறந்த இடம், வேலைசெய்த தோட்டங்கள், இந்தியாவுக்குப் போய்வந்த காலங்கள் எல்லாவற்றையும் சொல்லவேண்டியிருந்தது. செக்ரோல் பிரதிகளும் சாட்சிகளும் பின்னால் சேர்ந்தன. ஒரு தடவையில் 12 மாதத்துக்கு மேல் இந்தியாவில் தங்கியிருந்தால் வதிவு அறுந்தது என்று விண்ணப்பம் தள்ளப்பட்டது. மனைவி ஊருக்குப் போய்ப் பிரசவித்துத் திரும்பியதும் குற்றமாயிற்று. எந்த ஊருக்கு, எப்போது, எதற்காகப் போனார்கள் என்று அதிகாரி துருவித் துருவிக் கேட்டு எழுதியது விண்ணப்பத்தைத் தள்ளுவதற்காக. இன்று பேரப்பிள்ளைக்கு ஊர்ப் பேரையும் போன வருடத்தையும் தருவது அந்தக் கேள்வி–பதில்தான். ஏற்றுக்கொள்ளப்பட்டவரின் கட்டைவிடத் தள்ளப்பட்டவரின் கட்டு தடிமனாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டபோது இன்னொரு அடுக்கு ஏறியது. தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டை, கடவுச்சீட்டு, மண்டபம் முகாம் பதிவு எல்லாவற்றிலும் தோட்டத்தின் பேரும் போகும் ஊரின் பேரும் ஒரே தாளில் சந்தித்தன. ரப்பர் வெட்டத் தெரிந்தவர்கள் பலர் கேரளத்துப் புனலூருக்கும் கர்நாடகத்துச் சுள்ளியாவுக்கும் அனுப்பப்பட்டதால், சப்ரகமுவக் குடும்பங்களின் ஒரு கிளையைத் தமிழ்நாட்டுக்கு வெளியிலும் தேடவேண்டியிருக்கிறது. 2003ஆம் ஆண்டுச் சட்டம், 1964 முதல் இங்கே வசித்தவர்களுக்கும் அவர்கள் வழியினருக்கும் எளிதாகப் பிரஜாவுரிமை கொடுத்தது. உரிமைக்கு அது நல்ல காலம். வம்சாவளிக்குக் காகிதம் வற்றிய காலமும் அதுவே.

விரட்டுவதற்காக எழுதிய ஏடு வம்சாவளிக்கு உதவுவது சப்ரகமுவவுக்கு மட்டும் உரிய விநோதம் அன்று. இங்கிலாந்தில் 1662ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓர் ஏழை பிச்சைக்கு வந்தால், அவனுக்குச் சோறுபோடும் பொறுப்பு எந்தப் பங்குக்கு என்று நீதவான் விசாரித்து, வேற்றுப் பங்குக்காரனை வெளியேற்றினார். எங்கே பிறந்தாய், யாரிடம் எத்தனை வருடம் வேலைசெய்தாய், எங்கே மணம் முடித்தாய் என்று அந்த விசாரணையில் எழுதிய வாக்குமூலங்கள், ஆங்கில ஏழைகளின் வரலாற்றுக்கு ஞானஸ்நான ஏட்டைவிட விரிவான ஆதாரம். கோவில் ஏடு மூன்று நாள்களை மட்டும் அறியும். விரட்ட நினைத்தவன் முழு வாழ்க்கையையும் கேட்டான்.

இதற்கு முதல் மறுப்பு, அந்தக் காகிதங்கள் பொய் என்பது. நியாயமான மறுப்புத்தான். வயது குத்துமதிப்பு, பேரைத் தமிழ் தெரியாத பதிவாளர் காதில் விழுந்தபடி எழுதினார், சிங்களக் கிராமங்கள் சூழ்ந்த கேகாலைத் தோட்டங்களில் ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிக்கு வேறு வேறு எழுத்தில் தகப்பன் பேர் விழுந்திருப்பது சகஜம். பிரஜாவுரிமைக்காக வருடத்தைக் கூட்டியும் போய்வந்ததை மறைத்தும் சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். சொல்லாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் பொய்க்கு ஒரு திசை உண்டு. வதிவை நீட்டிச் சொல்வதில் விண்ணப்பக்காரருக்கு லாபம் இருந்தது. பாட்டனின் ஊரை மாற்றிச் சொல்வதில் லாபம் ஒன்றுமில்லை. எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் யாருக்கு ஆதாயம் என்று பார்த்துக்கொண்டே படித்தால் நம்பத்தக்கதைப் பிரித்துவிடலாம். ஊர்ப் பேரில் வரும் குழப்பத்தில் பாதி பொய்யால் வந்ததுமல்ல. எல்லைகள் மாறியதால் வந்தது. இராமநாதபுரம் ஜில்லா 1910ல்தான் மதுரை, திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. அதற்கு முன் வந்தவர் ‘மதுரை ஜில்லா’ என்று சொன்ன ஊர் இன்று சிவகங்கை மாவட்டத்தில் இருக்கலாம். அதே 1910ல் நாமக்கல் தாலுகா சேலத்திலிருந்தும் கரூர் கோயம்புத்தூரிலிருந்தும் திருச்சிக்கு மாற்றப்பட்டன. பாட்டன் சேலம் என்றும் அவர் தம்பி திருச்சி என்றும் சொல்லியிருந்தால், இருவரும் ஒரே தெருவிலிருந்து புறப்பட்டிருக்கக்கூடும்.

இரண்டாவது மறுப்பு, காகிதம் எதற்கு, குடும்பத்து வாய்மொழி போதாதா என்பது. குலதெய்வத்தின் பேர், ஊரின் பேர், கூத்தின் கதை இவற்றில் பூர்வீகம் பத்திரமாக இருக்கிறது என்பார்கள். வாய்மொழியை ஆதாரமாகக் கொள்ளவே வேண்டும். ஆனால் தனியே விட்டால் அது வழுக்கும். தோட்டத்தில் பொன்னர்–சங்கர் கூத்து ஆடியவர் வீட்டில் கரூர், திருச்சிப் பக்கத்து வேர் இருக்கலாம். ஒரே லயத்தில் பத்து ஊர்க்காரர் கூடி ஒரே கூத்தைப் பழகியதும் உண்டு. குலதெய்வக் கோவில்களிலும் பெரிய கங்காணியின் தெய்வமே தோட்டத்துத் தெய்வமாகிவிட்ட இடங்கள் உண்டு. வாய்மொழி வட்டாரத்தைக் காட்டும், காகிதம் கிராமத்தைக் காட்டும். ஒன்றை வைத்து மற்றதைத் திருத்தவேண்டும். தமிழ்நாட்டுப் பக்கத்துக் காகிதமும் தனியே போதாது. அங்குள்ள நிலப் பதிவேடுகள் பட்டாக்காரரை அறியும். புறப்பட்டு வந்தவர்களில் மிகப் பலர் நிலமற்றவர்கள்.

மூன்றாவது மறுப்பே கனமானது. இருநூறு வருடமாக இந்த மண்ணில் உழைத்தவர்களை இந்தியாக்காரர் என்று ஒதுக்கியதுதான் அரசியல். அவர்களே தமிழ்நாட்டுக் கிராமத்தைத் தேடிப்போவது அந்த ஒதுக்கலுக்குத் துணைபோவதாகாதா? மலையகத் தமிழர் என்ற அடையாளத்தைப் போராடி நிலைநாட்டியவர்கள் இப்படிக் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. கூடவே சாதியும் வரும். கங்காணிப் பட்டியலும் முகாம் பதிவும் சாதியைச் சுமந்தவை. ஆனால் பூர்வீகம் அறிவது உரிமையைக் குறைப்பதென்றால், அபர்டீன் பங்கு ஏட்டில் பாட்டனைக் கண்டுபிடித்த அவுஸ்திரேலியரின் உரிமையும் குறைந்திருக்கவேண்டும், குறையவில்லை. 1948ல் வம்சாவளியை நிரூபி என்று கேட்டது அரசு. பதிலை மதிப்பிட்டதும் அரசு. இன்று கேட்பதும் மதிப்பிடுவதும் குடும்பமே. இந்த ஏடுகள் பூட்டன் வந்த நாளை மட்டும் சொல்வதில்லை; அவர் எந்த மலையில் எத்தனை வருடம் வேலைசெய்தார் என்பதையும் சேர்த்தே சொல்கின்றன. இலங்கைக்குரியவர் என்பதற்கு அதைவிட வலுவான சாட்சி வேறில்லை. சாதிப் பத்தியைத் திறந்த அட்டவணையாக்கி எவர் வேண்டுமானாலும் தேடும்படி விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது வழித்தோன்றல்கள் கேட்டால் மட்டும் காட்டப்படவேண்டிய பத்தி.

வாதிக்க நேரம் குறைவு என்பதும் சப்ரகமுவவுக்கே உரிய நிலை. இங்குள்ள தோட்டங்கள் சிறியவை, கிராமங்களுக்கிடையே சிதறியவை. எனவே முதலில் கலைந்தவையும் இவையே. 1946ல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்கு அரசு எடுத்துக்கொண்டு தொழிலாளரை வெளியேறச் சொன்னது. களனிப் பள்ளத்தாக்கே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. 1972, 1975ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தங்களிலும் 1992ல் தனியார் கம்பனிகளிடம் நிர்வாகம் போனபோதும் கந்தோர் அலுமாரிகள் கைமாறின. கைமாறும்போது முதலில் வெளியே எறியப்படுவது பழைய செக்ரோல். 1977லும், 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்திலும், 1983லும் தமிழருக்கு எதிரான வன்முறையில் லயங்கள் எரிந்தபோது பெட்டியிலிருந்த பிறப்புச் சாட்சிப் பத்திரமும் கடவுச்சீட்டும் சேர்ந்து எரிந்தன. பிழைத்தவர்களில் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்விட்டார்கள். வீட்டுப் பிரதி போன குடும்பத்துக்கு மிச்சம் அரசிடமுள்ள பிரதிதான். அதனால் பிரஜாவுரிமைக் கட்டுகளை மாவட்டவாரியாக நுண்படமெடுத்து அட்டவணைப்படுத்துவதைத் தோட்டக் கந்தோர் ஏடுகளுக்கும் முன்னதாகச் செய்யவேண்டும் என்பேன்.

அட்டவணையை எப்படி அமைப்பது என்பதும் சிறு விஷயமல்ல. 1948ஆம் ஆண்டுச் சட்டம் தகப்பன், பாட்டன், பூட்டன் என்று ஆண் வழியை மட்டும் எண்ணியது. ஆகவே கட்டுகளும் ஆண் பேரில் அடுக்கப்பட்டன. ஆனால் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; செக்ரோலில் அவர்களுக்குத் தனி எண்ணும் தனிச் சம்பளமும் இருந்தன. பதிவில்லாமல் நடந்த கலியாணத்தில் மனைவியின் பேர் கணவன் கட்டில் ஒரு வரியோடு நின்றுவிடும். அவள் வந்த ஊருக்கான தடயம் செக்ரோலில் அவளுடைய கங்காணியின் கீழோ, அவளுடைய தகப்பனின் துண்டிலோ, கத்தோலிக்கரானால் ஞானப்பெற்றோர் பத்தியிலோதான் அகப்படும். மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் மணந்த குடும்பங்களில் தாயின் ஊரும் தகப்பனின் ஊரும் ஒன்றாகவோ பக்கத்து ஊராகவோ இருப்பதே அதிகம். தகப்பன் வழி ஒரு ஜில்லாப் பேரோடு முட்டி நிற்கும் கட்டுகளில் தாயின் எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் கிராமத்தின் பேர் வந்துவிடக்கூடும்.